எல் தோப்போ: நள்ளிரவில் பார்த்தவர்கள் எதை மறந்தார்கள்?

அன்பு நேயர்களுக்கு வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாள்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேயர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "நீங்கள் பலமுறை சொன்னதால் எல் தோப்போ என்ற மெக்சிகோ படத்தைத் தேடிப் பார்த்தேன். தெளிவான பிரதிதான், ஆனாலும் பாதியில் பொறுமை போய்விட்டது. அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் மட்டும் ஐம்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் இதைப் பற்றி ஏன் இவ்வளவு பாசத்தோடு பேசுகிறார்கள்?"

நியாயமான கேள்வி. இத்தாலியர்கள் எடுத்த துப்பாக்கி வீரர் படங்களைப் பற்றிய உரையைக் கேட்டவர்களுக்கு இந்தப் படத்தை இயக்கிய ஜொடொரோவ்ஸ்கியின் பெயர் நினைவிருக்கும். அலெஹாந்த்ரோ ஜொடொரோவ்ஸ்கி 1929இல் சிலி நாட்டில் பிறந்தவர். பாரிஸில் மார்செல் மார்சோவுடன் ஊமைக்கூத்து நடித்தவர். பிறகு மெக்சிகோவுக்கு வந்து நாடகம் போட்டார், நாளிதழில் படக்கதை வரைந்தார். அவருடைய முதல் முழுநீளப் படம் 1968இல் அகபுல்கோ விழாவில் திரையிடப்பட்டபோது கூட்டம் கொதித்தெழுந்தது, படத்துக்கு மெக்சிகோவில் தடையும் வந்தது. அதற்கு அடுத்து 1970இல் வந்ததுதான் எல் தோப்போ. கதையை எழுதியவர், இயக்கியவர், இசையமைத்தவர், கறுப்புத் தோலாடை உடுத்திக் குதிரைமேல் வரும் நாயகன் எல்லாமே அவர்தான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்தப் படத்தை நேசிக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் கதையைச் சொல்ல மாட்டார்கள், அந்த இரவைச் சொல்வார்கள். நியூயார்க் நகரத்தில், மன்ஹாட்டனின் எட்டாவது அவென்யூவில், எல்ஜின் என்றொரு பழைய திரையரங்கு இருந்தது. அதை நடத்திய பென் பேரன்ஹோல்ட்ஸ், நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு திரையிடலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 1970 டிசம்பரில் தம்முடைய அரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல், பார்த்தவர் பார்க்காதவரை அழைத்து வர, வாரத்தின் ஏழு நாளும் 1971 ஜூன் முடிவு வரை அது ஓடியது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனானும் வந்து பார்த்தார். அவர் சொல்லித்தான் அந்தக் குழுவின் மேலாளர் ஆலன் க்ளைன் படத்தின் உரிமையை வாங்கினார். வாங்கியவர் அதை வழக்கமான அரங்குக்கு, வழக்கமான நேரத்துக்கு மாற்றினார். அங்கே அது எடுபடவில்லை. இதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்: படம் அதே படம்தான், மாறியது நேரமும் உடன் இருந்தவர்களும்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஜொடொரோவ்ஸ்கிக்கும் க்ளைனுக்கும் சில ஆண்டுகளில் மனம் முறிந்தது. க்ளைன் எடுக்கச் சொன்ன ஒரு படத்தை இவர் எடுக்க மறுத்தார். க்ளைன் எல் தோப்போவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இதை முறையாகப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. இருவரும் முதுமையில் சமாதானமாகி, 2007இல் டிவிடி வெளிவரும் வரை, திருட்டுப் பிரதிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு படத்தை மறுபடி பார்க்க முடியாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள்? அதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சொல்லச் சொல்லப் பிடித்த பகுதிகள் மெருகேறும், மற்றவை தேய்ந்துபோகும்.

எனக்கே அது நடந்தது. நான் முதலில் பார்த்தது நண்பர் ஒருவர் கொண்டுவந்த, பிரதியிலிருந்து எடுத்த பிரதி. முகங்கள் கலங்கித் தெரிந்தன, படம் முழுவதும் சாயம் போன மஞ்சளில் இருந்தது. பல ஆண்டுகள் அதை ஒரு மஞ்சள் படமாகவே நினைவில் வைத்திருந்தேன்; அந்த மங்கலைக்கூட இயக்குநரின் நோக்கம் என்று நண்பர்களிடம் விளக்கியிருக்கிறேன். பிறகு சீரமைத்த பிரதியைப் பார்த்தபோது, வானம் கண்ணைப் பறிக்கும் நீலமாக இருந்தது.

பாசத்தோடு நினைவுகூர்கிறவர்கள் சொல்லும் காட்சிகளைக் கவனியுங்கள். பாலைவனத்தில் குடை பிடித்தபடி குதிரைமேல் வரும் மனிதன், அவன் முதுகுக்குப் பின்னால் உடையில்லாமல் தொப்பி மட்டும் அணிந்த சிறுவன். உனக்கு இன்று ஏழு வயது, நீ ஆண்பிள்ளை ஆகிவிட்டாய், உன் முதல் பொம்மையையும் தாயின் படத்தையும் புதைத்துவிடு என்று அப்பன் சொல்கிறான். அந்தச் சிறுவன் ஜொடொரோவ்ஸ்கியின் சொந்த மகன் ப்ரோன்டிஸ். அடுத்து, நாயகன் வெல்லத் தேடிப்போகும், பாலைவனத்தின் நான்கு துப்பாக்கி ஆசான்கள். நான்காவது ஆசான் ஒரு கிழவர். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் வலையை வாங்கி வைத்திருப்பவர், வருகிற தோட்டாவை அந்த வலையாலேயே திருப்பி அனுப்புபவர். உயிர் எவ்வளவு அற்பமானது என்று காட்டத் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, நீ தோற்றுவிட்டாய் என்று சொல்லிச் சாய்கிறார். வஞ்சகத்தால் மற்றவர்களை வென்று வந்தவனுக்கு அதன்பின் வெல்ல எதுவும் மிஞ்சவில்லை. இதற்கு நிகரான காட்சியை இந்த வகைப் படங்களில் நான் கண்டதில்லை.

இவை எல்லாமே படத்தின் முதற்பாதி. என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: இரண்டாம் பாதி எங்கே போயிற்று? படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். எல்ஜினில் காட்சி நள்ளிரவில் தொடங்கியது; வெள்ளி, சனி இரவுகளில் 1 மணிக்குத் தொடங்கியது. அரங்கு முழுக்கக் கஞ்சாப் புகை என்பதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி வந்து சேரும்போது இரவு ஒரு மணியைத் தாண்டியிருக்கும், வெள்ளி, சனியில் இரண்டு மணியைத் தாண்டியிருக்கும், கண்கள் சொருகியிருக்கும். அந்தப் பார்வையாளர்களின் நினைவு குடையோடும் வலையோடும் நின்றுவிட்டதற்கு நான் காணும் காரணம் இதுதான்.

அந்தப் பாதியில்தான் படத்தின் பெயருக்கே பொருள் இருக்கிறது. எல் தோப்போ என்றால் அகழெலி. சூரியனைத் தேடி மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டும் அகழெலி, மேலே வந்து சூரியனைக் கண்டதும் குருடாகிவிடுகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. சுடப்பட்டு விழுந்த நாயகனை, மலைக்குகைக்குள் தலைமுறை தலைமுறையாக அடைபட்டுக் கிடக்கும் உடல் குறைகளோடு பிறந்த மக்கள் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறார்கள். நீண்ட ஆண்டுகள் கழித்துக் கண் விழிக்கும் அவன் தலையை மழித்துக்கொள்கிறான். குள்ளமான ஒரு பெண்ணோடு ஊருக்குள் போய், கோமாளி வித்தை காட்டிக் காசு சேர்த்து, அவர்களுக்காகச் சுரங்கம் தோண்டுகிறான். சுரங்கம் திறந்ததும் அந்த மக்கள் மகிழ்ச்சியோடு ஊரை நோக்கி ஓடிவருகிறார்கள். ஊரார் அத்தனை பேரையும் சுட்டுத் தள்ளுகிறார்கள். அவன் ஊராரைக் கொன்றுவிட்டு, விளக்கில் இருந்த எண்ணெயை ஊற்றித் தனக்குத் தானே தீ வைத்துக்கொள்கிறான். 1963இல் வியட்நாமின் சைகோன் தெருவில் திக் குவாங் டுக் என்ற பௌத்தத் துறவி தீக்குளித்த புகைப்படத்தை அன்றைய பார்வையாளர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். இந்தக் காட்சியில் விழித்திருந்தவர்களுக்கு அது நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

பாசத்தைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. படத்தில் வரும் பாலியல் வன்முறைக் காட்சி உண்மையாகவே நடந்தது என்று ஜொடொரோவ்ஸ்கி 1970களில் பெருமையாகச் சொன்னார். பிற்காலத்தில், அது விளம்பரத்துக்காகச் சொன்ன பேச்சு என்றார். அந்தச் சொற்களுக்காக 2019இல் நியூயார்க்கின் எல் மூசெயோ டெல் பாரியோ என்ற அருங்காட்சியகம் அவரைப் பற்றிய கண்காட்சியை ரத்து செய்தது. அந்தக் காட்சி வரும்போது இப்போது என்னால் திரையைப் பார்க்க முடிவதில்லை. நேயரே, நீங்கள் பொறுமை இழந்த இடம் அதுவானால், அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வேறு இடத்தில் நிறுத்தியிருந்தால், குகையில் அவன் கண் விழிக்கும் இடத்திலிருந்து, பகல் வெளிச்சத்தில், தூக்கம் தெளிந்த கண்களோடு தொடருங்கள். கடைசியில் மகன், அந்தக் குள்ளப் பெண்ணையும் அவள் அப்போதுதான் பெற்ற குழந்தையையும் அழைத்துக்கொண்டு குதிரையில் புறப்படுகிறான், அப்பனின் கல்லறைமேல் தேனீக்கள் மொய்க்கின்றன. அந்தத் தேனீக்கள் படத்தில் வேறு எந்தக் கல்லறையில் முன்பே வந்தன என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.