நூறு டன்னும் எண்பது குதிரைத்திறனும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கனரக லாரிகளைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் அழைத்தபோது, எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. நம் சாலைகளில் ஓடிய லேலண்டு காமெட்டையும் டாடா மெர்சிடஸ் பென்ஸையும் உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, ஏதோ ஒரு பெருஞ்சுமைக்காகச் செய்யப்பட்டு, இன்று பெயர்கூட மறந்துபோன சில வண்டிகளைப் பற்றிப் பேசுகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்தில் பிறந்தவை.

அதற்கு முன்னால் சொந்தக் கதை ஒன்று. என் தந்தையார் சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, மின்வாரியத்துக்கான மின்மாற்றி ஒன்றை ஏற்றிய டிரெய்லர் எங்கள் ஊர் வழியாக வந்தது. முன்னால் நான்கு பேர் நீண்ட மூங்கில் கழிகளால் மின்கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பக்கத்தில் ஒருவர் வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி சாவகாசமாக வந்தார். வண்டி அவரை முந்தவில்லை. இவ்வளவு பெரிய இன்ஜின் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கேட்டேன். தந்தையார் பதில் சொல்லாமல், பட்டறையில் கிடந்த ஜாக்கியை என் கையில் கொடுத்து, சுமை ஏற்றி நின்ற ஒரு லாரியின் ஆக்சிலுக்கு, அதாவது சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு, அடியில் வைத்துத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். ஐம்பது அறுபது தடவை கம்பியை அடித்த பிறகு டயர் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது. அவ்வளவுதான் பாடம். பத்து வயதுப் பையனின் கைவலு லாரியைத் தூக்கியது; அதற்கு விலையாக அவன் வேகத்தைக் கொடுத்தான். கனரக வண்டிகளின் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. இதை நான் இன்னும் இரண்டு மூன்று முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1929-ஆம் ஆண்டுக்குப் போவோம். லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டு என்ற ஊரில் ஸ்கேமல் லாரீஸ் என்ற நிறுவனம் இருந்தது. அது அந்த ஆண்டில் 'நூறு டன்னர்' என்று பின்னாளில் பெயர் பெற்ற வண்டியைச் செய்தது. மொத்தம் இரண்டே இரண்டுதான் செய்யப்பட்டன. முதல் வண்டி லிவர்பூலில் இருந்த மார்ஸ்டன் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்குப் போனது. கப்பல் ஏற வேண்டிய ரயில் இன்ஜின்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. ரயில் இன்ஜினை ஏன் லாரியில் ஏற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாட்டுக்குச் செய்த இன்ஜினின் சக்கர இடைவெளி வேறு, உள்ளூர்த் தண்டவாளத்தின் இடைவெளி வேறு. அதனால் இரும்புப் பாதையில் ஓடப் பிறந்த இன்ஜின், முதல் பயணத்தைச் சாலையில்தான் செய்ய வேண்டியிருந்தது.

நூறு டன் சுமைக்கு எத்தனை குதிரைத்திறன் கொண்ட இன்ஜினை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதலில் அந்த வண்டியில் இருந்தது நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அதன் வலு சுமார் 80 குதிரைத்திறன். இன்று கடைத்தெருவுக்குப் போய்வர நாம் வாங்கும் சிறிய காரிலும் ஏறத்தாழ அதே அளவுதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் கியர்களும், பின்சக்கரங்களைச் சுழற்றிய கனத்த சங்கிலிகளும் பார்த்துக்கொண்டன. மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்பதே அதற்கு ஓட்டம். ஜாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த வண்டியில் மிகவும் பிடித்தது இன்ஜின் அன்று; பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர். டிரெய்லரின் பின்பக்கச் சக்கரங்களைத் தனியாகத் திருப்புவதற்கு அங்கே ஒரு ஸ்டியரிங் இருந்தது, அதைப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தார். முன்னால் இருக்கும் ஓட்டுநருக்கும் இவருக்கும் இடையில் அத்தனை பெரிய சுமை மறைத்து நிற்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஆகவே இருவருக்கும் நடுவே தொலைபேசி இணைப்பு கொடுத்திருந்தார்கள். திருவாரூர்த் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் முடிவு செய்கிறார். அவருக்கு முன்னால் நடப்பது தெரியாது, முன்னால் இழுப்பவர்களுக்கு அவர் இருக்கும் இடமே தெரியாது. லிவர்பூலின் குறுகலான தெருக்களில் பின்னால் இருந்த அந்த மனிதர், தொலைபேசியில் வந்த குரலை நம்பி ஒரு ரயில் இன்ஜினை வளைவுகளில் திருப்பினார். வாகன வரலாறு எழுதுகிறவர்கள் இன்ஜினின் அளவைக் குறித்து வைத்த அக்கறையுடன் இந்த மனிதர்களின் பெயர்களையும் குறித்து வைத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

அதே ஸ்கேமல் நிறுவனம், ஆலிவர் நார்த் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், 1927-இல் 'பயனியர்' என்ற வண்டியைச் செய்தது. இதில் பின்பக்கத்துக்கு இரண்டு ஆக்சில்கள் கிடையாது. நடுவில் ஒரே ஆக்சில். அதன் இரு முனைகளிலும் தராசுத் தண்டு போல முன்னும் பின்னும் அசையும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு சக்கரம். பெட்டிக்குள் பற்சக்கர வரிசை இருந்து இரு சக்கரங்களையும் சுழற்றும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது மேலே எழும். எதுவும் தரையை விடாது, எடையும் இருபுறமும் பகிர்ந்து நிற்கும். இரண்டாம் உலகப் போரில், சேற்றில் புதைந்த வண்டிகளை மீட்கவும், பீரங்கிகளை இழுக்கவும், டாங்குகளைச் சுமக்கவும் பிரிட்டிஷ் இராணுவம் இதைத்தான் நம்பியது. அதன் கார்ட்னர் டீசல் இன்ஜினுக்கு 102 குதிரைத்திறன். மறுபடியும் ஜாக்கிதான்.

போருக்குப் பிறகு எண்ணெய் வந்தது. ஈராக்கின் கிர்குக்கிலிருந்து சிரியாவின் பனியாஸ் துறைமுகம் வரை பாலைவனத்தின் குறுக்கே குழாய் பதிக்க வேண்டியிருந்தது. அந்தக் குழாய்களைச் சுமப்பதற்கென்று, பேசிங்ஸ்டோக் நகரின் தார்னிகிராஃப்ட் நிறுவனம் 'மைட்டி ஆன்டார்' என்ற வண்டியைச் செய்தது. பழைய அரபுக் கவிஞரும் வீரருமான ஆன்டாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரு லாரிக்குக் கவிஞர் பெயர் வைத்தவர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வண்டியின் இன்ஜினுக்கு ஒரு வமிசாவளியே இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் என்ற 12 சிலிண்டர் இன்ஜின் இருந்தது. அதன் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். அதை வலுக்குறைத்துத் தரைக்கு இறக்கி, டாங்குகளுக்கு 'மீட்டியார்' என்ற இன்ஜினாக்கினார்கள். அந்த மீட்டியாரிலிருந்து நான்கு சிலிண்டர்களைக் குறைத்து எட்டாக்கியபோது, மூன்றில் இரண்டு பங்காக, 18 லிட்டரில் 'மீட்டியரைட்' பிறந்தது. ஆன்டாரில் இருந்தது அதுதான். பின்னாளில் பிரிட்டிஷ் இராணுவம் ஆன்டார்களில் செஞ்சூரியன் டாங்குகளை ஏற்றிச் சென்றது. செஞ்சூரியனுக்குள் இருந்ததோ மீட்டியார். தம்பி அண்ணனைத் தோளில் சுமந்துகொண்டு போனான் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

ஆஸ்திரேலியாவின் வட பகுதிக்குப் போனால் கதை வேறு. அங்கே சுமையின் எடையைவிடத் தூரம்தான் எதிரி. லண்டன் நகரப் பேருந்துகளால் பெயர் பெற்ற ஏ.இ.சி. நிறுவனம் 1934-இல் எட்டுச் சக்கரங்களும் சுழன்று இழுக்கும் வண்டி ஒன்றை, எட்டெட்டுச் சக்கரங்கள் கொண்ட இரண்டு டிரெய்லர்களுடன் அனுப்பியது. அப்படிச் செய்யப்பட்டவை மூன்றுதான். அவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவுக்கு. அதன் டிரெய்லர்கள், ரயில் பெட்டிகளைப் போல, முன்வண்டியின் சக்கரத்தடத்திலேயே வந்தன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து மெக்கானிக் கர்ட் யோஹான்சன் அந்த உத்தியைக் கவனித்துவைத்தார். போர் முடிந்து இராணுவம் பழைய வண்டிகளை விற்றபோது, சிகாகோ நகரில் செய்யப்பட்ட டயமண்ட் டி என்ற டாங்கு இழுக்கும் லாரி ஒன்றை வாங்கி, தடம் பிசகாமல் வரும் டிரெய்லர்களைத் தாமே செய்து பூட்டி, மாடுகளை ஏற்றினார். அதுவரை அந்த மந்தைகள் வாரக்கணக்கில் நடந்து, எடை குறைந்து சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த லாரிக்கு அவர் பெர்த்தா என்று பெயர் வைத்தார். பெர்த்தாவும் அந்த ஏ.இ.சி. வண்டியும் இன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. பாலைவனத்தின் வறண்ட காற்று இரும்பைச் சீக்கிரம் தின்பதில்லை. பழைய வண்டிகள் அங்கே பிழைத்துக் கிடப்பதற்கு அது பெரிய காரணம்.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சி அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். நீராவி லாரிகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதாகக் குறித்து வந்திருந்தேன்; அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீராவி வண்டிகளுக்குப் பெயர்போன ஃபோடன் குடும்பத்திலிருந்து, இனி டீசல்தான் என்று பிரிந்து வந்த எட்வின் ஃபோடன், 1933-இல் இ.ஆர்.எஃப். நிறுவனத்தின் முதல் லாரியைச் செய்தார். அதன் சேசிஸ் எண், அதாவது வண்டிச் சட்டகத்தின் வரிசை எண், ஒன்று அல்ல, 63. அப்போது அவருக்கு வயது 63.

ரோட்டினாஃப் என்ற பெயரையும் சொல்லாமல் எழுந்தால் மனம் ஆறாது. 1950-களில் லண்டனுக்கு அருகே கோல்ன்புருக்கில் ஜார்ஜ் ரோட்டினாஃப் நடத்திய சிறு தொழிற்சாலையின் வண்டிகளை, டாங்குகளைச் சுமக்கச் சுவிட்சர்லாந்து இராணுவம் வாங்கியது. ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளுக்கும் சில போயின. பத்தாண்டுகள் ஆவதற்குள் தொழிற்சாலையே இல்லாமல் போயிற்று.

ஸ்கேமல் 1955-இல் லேலண்டு என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நம் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டு என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். அந்த வகையில் நூறு டன்னர் செய்த வாட்ஃபோர்டு தொழிற்சாலை நம் பேருந்துகளுக்குத் தூரத்து உறவு. அது 1988-இல் மூடப்பட்டது. இப்போது அங்கே வீடுகள் இருக்கின்றன, ஒரு தெருவுக்கு 'ஸ்கேமல் வே' என்று பெயர். சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.