கிங் கிரிம்சனை மேடையில் கேளுங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இங்கிலாந்தின் ராக் குழு கிங் கிரிம்சன். ப்ராக்ரஸிவ் ராக், அதாவது ராக் இசையை நீண்ட, சிக்கலான வடிவங்களுக்குக் கொண்டுபோகும் வகை என்று பேச்சு வந்தாலே இவர்களுடைய 1969 ஆல்பத்தைத்தான் எல்லோரும் எடுத்து நீட்டுவார்கள். அலறுகிற சிவப்பு முகம் போட்ட அட்டை, அதேதான். அற்புதமான ஆல்பம். ஆனால் நிறையப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். இந்தக் குழுவின் உயிர் கச்சேரி மேடையில் இருக்கிறது. ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஆரம்பத்தைப் பாருங்கள். 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு காபிக் கடையின் நிலவறையில் ஒத்திகை தொடங்குகிறது. கிதாருக்கு ராபர்ட் ஃப்ரிப், பாட்டுக்கும் பேஸ் கிதாருக்கும் கிரெக் லேக், சாக்ஸபோன், மெலோட்ரான் இரண்டுக்கும் இயன் மெக்டொனால்ட், டிரம்ஸுக்கு மைக்கேல் ஜைல்ஸ். வரிகள் எழுத பீட்டர் சின்ஃபீல்ட். அதே ஆண்டு ஜூலை 5ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸின் இலவசக் கச்சேரி. ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. லட்சக்கணக்கில் கூடிய அந்தக் கூட்டத்துக்கு முன்னால் கிரிம்சன் வாசிக்கிறது. முதல் ஆல்பம் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது! கடையில் வாங்கிக் கேட்க ஒரு இசைத்தட்டுகூட இல்லாத குழு, மேடையில் வாசித்தே பெயர் வாங்கியது.

மெலோட்ரானைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே தனித்தனியாக ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் வயலினோ புல்லாங்குழலோ ஏற்கெனவே பதிவான அந்த நாடா ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனால் சுருதி கலையும், மின்சாரம் ஏறி இறங்கினாலும் கலையும். அப்படியும் இவர்கள் அதை விடவில்லை.

1969 டிசம்பரில், முதல் அமெரிக்கப் பயணம் முடிகிற நேரத்தில், ஜைல்ஸும் மெக்டொனால்டும் விலகிவிட்டார்கள். அப்புறம் ஆட்கள் வருவதும் போவதுமாக இரண்டு மூன்று ஆண்டுகள். அதை விரித்துச் சொல்லப் போவதில்லை. நான் வர நினைப்பது 1972க்கு. 'யெஸ்' குழு புகழின் உச்சத்தில் இருந்தபோது அதை விட்டுவிட்டு டிரம்மர் பில் ப்ரூஃபோர்ட் இங்கே வருகிறார். பேஸும் பாட்டும் ஜான் வெட்டன், வயலின் டேவிட் கிராஸ், தாள வாத்தியங்களுக்கு ஜேமி முயர். முயர் அடுத்த ஆண்டே போய்விட்டார். ஃப்ரிப்போடு சேர்த்து மீதி நால்வரும் ஒவ்வொரு கச்சேரியிலும் முன்கூட்டி எதுவும் பேசி வைத்துக்கொள்ளாமல், முழுக்க மனோதர்மமாகக் கொஞ்ச நேரம் வாசிப்பார்கள். சில ராத்திரி கூடி வரும், சில ராத்திரி வராது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ அரங்கம். அன்றைக்கு அப்படிப் பிறந்த ஒன்றுதான் 'ட்ரியோ'. கிராஸின் வயலின், வெட்டனின் பேஸ், மெலோட்ரானில் ஃப்ரிப். டிரம்ஸ்? ப்ரூஃபோர்ட் குச்சிகளை நெஞ்சின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசி வரை ஓர் அடிகூட அடிக்கவில்லை. தான் நுழைந்தால் அது கெட்டுவிடும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதை இயற்றியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். சும்மா இருந்ததும் இசையில் ஒரு பங்குதான் என்று மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இந்தக் குழுவை இவ்வளவு பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று கேளுங்கள். 1974இல் வந்த 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தின் பெரும்பகுதி கச்சேரிப் பதிவுகள்தான், முக்கியமாக அந்த ஆம்ஸ்டர்டாம் ராத்திரி. கைதட்டலை நீக்கிவிட்டதால் ஸ்டுடியோ ஆல்பம் போலவே கேட்கும். முழுக்க ஸ்டுடியோவில் பதிவானவை முதல் இரண்டு பாட்டுகள் மட்டும்.

1974 ஜூலை 1, நியூயார்க் சென்ட்ரல் பார்க். அந்தக் காலகட்டத்தின் கடைசிக் கச்சேரி. செப்டம்பரில் ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார். 'ரெட்' ஆல்பம் கடைக்கு வந்தபோது அதை மேடையில் வாசிக்கக் குழுவே இல்லை.

1981இல் ஃப்ரிப், ப்ரூஃபோர்ட், ஏட்ரியன் ப்ளூ, டோனி லெவின் நால்வருமாகத் திரும்பி வந்தார்கள். இழைக்குள் இழையாகப் பின்னுகிற இரண்டு கிதார், விரலால் தட்டி வாசிக்கிற லெவினின் 'ஸ்டிக்' என்ற தந்தி வாத்தியம், முற்றிலும் வேறு இசை. 1994இல் இரண்டு கிதார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ் என்று ஆறு பேர். அதெல்லாம் தனி வீடியோவுக்கான விஷயம்.

சரி, 2014க்கு வருவோம். ஏழு பேர், அதில் மூன்று டிரம்மர்கள். வழக்கமாகப் பின்னால் உட்கார வைக்கப்படும் டிரம்ஸை மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற நால்வரும் பின்னால் உயர்ந்த தளத்தில். பேட் மாஸ்டெலோட்டோ, கேவின் ஹாரிசன், பில் ரீஃப்லின். மூவரும் ஒரே அடியை மூன்று மடங்காக அடிக்கவில்லை. ஒரே தாளத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றுகிறார்கள். அது காதில் விழுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவர்களை முன்னால் வைத்ததன் பலன் அதுதான்.

நிகழ்ச்சி நடக்கும்போது யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது ஃப்ரிப்பின் கண்டிப்பான விதியாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் லெவின் தன் கேமராவைத் தூக்குவார், அப்போது நாமும் எடுக்க முடிந்தது. சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. நான் ஃப்ரிப் பக்கம். 'ரெட்' ஆல்பத்தின் 'ஸ்டார்லெஸ்' பாட்டை வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியில் 13 எண்ணிக்கைத் தாளத்தில் கிதார் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்று, மெல்ல மெல்ல மேலே ஏறும். விளக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாகும். நிகழ்ச்சி முழுக்க மாறாத ஒளி அங்கே மட்டும்தான் மாறும். அந்த நேரத்தில் முன்வரிசைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும்?

2021 டிசம்பர் 8, டோக்கியோவில் கடைசிக் கச்சேரி.

எதிலிருந்து தொடங்கலாம்? அந்த ஆம்ஸ்டர்டாம் கச்சேரி 'தி நைட் வாட்ச்' என்ற பெயரில் 1997இல் வந்தது. 1984 மான்ட்ரியால் கச்சேரி 'ஆப்ஸென்ட் லவர்ஸ்'. மூன்று டிரம்மர்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் 'ராடிகல் ஆக்‌ஷன்' தொகுப்பில் வீடியோவும் இருக்கிறது. 2015 மேடைப் பதிவு, 1974 ஆல்பத்தைப் போலவே கூட்டத்தின் சத்தத்தை நீக்கியிருக்கிறார்கள். முதல் தடவை கேட்கிறவர்கள் மான்ட்ரியாலை எடுங்கள், அதுதான் சட்டென்று உள்ளே இழுக்கும். 'ட்ரியோ'வை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், அவ்வளவு மெல்லிய சத்தம் அது.