அம்மா எனக்குத்தான் சொன்னவா

நடுவர் ஐயாவுக்கும், வேலை முடிந்த களையோடு வந்து இந்தக் கோவில் மண்டபத்தை நிறைத்திருக்கும் திருகோணமலை உறவுகளுக்கும் வணக்கம். பெற்றோர் விட்டுப்போன சொத்தில் சகோதரர்கள் பகையாவதற்குக் காரணம் பிள்ளைகளின் பேராசையா, பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பேசித் தீர்க்காததா? இதுதான் தலைப்பு. பேசித் தீர்க்காததுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் துரியோதனனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊசி முனையளவு நிலமும் தரமாட்டேன் என்றவன் பேராசைக்காரன்தான், சரி, அதை விட்டுத்தருகிறேன். ஆனால் இராமாயணத்துக்கு வாருங்கள் ஐயா. இராமன் அரசுக்கு ஆசைப்படவில்லை. பரதன் கையில் வந்த அரசையே வேண்டாம் என்று, அண்ணனின் பாதுகையைத் தலையில் சுமந்துபோய் நந்திக்கிராமத்தில் இருந்தான். இரண்டு பேரிடமும் எள்ளளவு பேராசை கிடையாது. பிறகு ஏன் அந்தக் குடும்பம் உடைந்தது? தசரதர் எந்தக் காலத்திலோ கைகேயிக்கு இரண்டு வரம் கொடுத்துவிட்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், தீர்க்காமலும் வைத்திருந்தார். முடிசூட்ட நாள் குறித்த பிறகு அது வெளியே வந்தது. அப்பா ஒருவர் தனியே கொடுத்த வாக்கு, ஆசையே இல்லாத பிள்ளைகளையும் பதினான்கு வருடம் பிரித்தது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். இதை மேடையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் மூடி வைத்துத்தான் எல்லாம் கெட்டது, அதனால் சொல்கிறேன்.

உப்புவெளியில் அம்மாவின் பெயரில் 20 பேர்ச், அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு, வளவும் வீடும். அப்பா முன்னமே போய்விட்டார். நாங்கள் நான்கு பேர், அண்ணா, நான், தம்பி, கடைசியாகத் தங்கச்சி. அம்மாவின் 31ஆம் நாள் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கியது என்று நாம் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றடியில் நான்கு பேரும் ஒன்றாக நின்று அழுதோம். அன்று பின்னேரம், முற்றத்துப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, காணி உறுதிப் பத்திரம் எங்கே என்ற கேள்வி வந்துவிட்டது.

கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணா சொன்னார், "மேல்மாடி என்ர காசில கட்டினது. வீடு உனக்குத்தான் எண்டு அம்மா எனக்கு ஃபோனில சொன்னவா." தங்கச்சி சொன்னாள், "ஒன்பது வருஷம் தூக்கிக் குளிப்பாட்டினது நான். இந்த வீடு உனக்குத்தான் பிள்ளை எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவா." பின்வளவில் தென்னை வைத்து ஆளாக்கியவன் தம்பி, அது தனக்கு என்றான். நான் மட்டும் விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். 90ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது என் சீதன நகையை விற்றுத்தான் எல்லோரும் சாப்பிட்டோம், அதற்கு ஈடாகக் கிணற்றடிப் பக்கம் எனக்கு என்று அம்மா சொன்னதை நானும் எடுத்து வைத்தேன்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்றோம். தங்கச்சியோடு நான் ஆறு வருடம் பேசவில்லை. அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குக்கூடப் போகவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி என்னை இருத்திவைத்துச் சொன்னார், "உங்கட அம்மா நாலு பேருக்கும் அப்படித்தான் பிள்ளை சொன்னவா. ஆரையும் நோகப்பண்ண அவவால ஏலாது." அன்றுதான் விளங்கியது. எங்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை! அம்மா எங்களைத் தனித்தனியே தேற்றியிருக்கிறார், ஒரே பாயில் ஒன்றாக இருத்தி ஒருநாளும் பேசவில்லை.

எதிரணியினர் இதைப் பேராசை என்கிறார்கள். எது பேராசை? அண்ணா பனியில் நின்று உழைத்து அனுப்பிய காசு உண்மை. தங்கச்சியின் ஒன்பது வருடமும் உண்மை. தம்பியின் தென்னையும் என் நகையும் உண்மை. இந்த நான்கு கணக்கும் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான், அவர் போனதோடு கணக்கும் போய்விட்டது. மற்றவரின் கணக்கைப் பார்க்காத பிள்ளைக்குத் தன்னுடையது மட்டுமே பெரிதாகத் தெரியும், அதில் என்ன அதிசயம்?

சரி, பெற்றோர் பேசாமல் போனால் சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பார்க்கும், ஆனால் சட்டத்துக்கு உங்கள் வீட்டுக் கதை தெரியாது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் அவர்களுடைய வழமைச் சட்டமான தேசவழமை, முஸ்லிம் சகோதரர்களுக்கு 1931ஆம் ஆண்டுச் சட்டம், எங்களைப் போன்றவர்களுக்கு 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதன்படி உயிரோடு இருக்கும் துணைக்குப் பாதி, மீதியைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். துணையும் இல்லையென்றால் முழுவதும் பிள்ளைகளுக்குச் சமம். எங்களுக்கு ஆளுக்குக் கால் பங்கு, கணக்கில் 5 பேர்ச். அந்த 5 பேர்ச் எது? யாராலும் காட்ட முடியாது, ஏனென்றால் அது பிரிக்கப்படாத பங்கு, வளவில் ஒரு பிடி மண் அள்ளினாலும் அதில் நான்கு பேரும் இருக்கிறோம்.

அந்த வீட்டிலேயே கிடந்து அம்மாவைப் பார்த்த தங்கச்சிக்கு இதில் என்ன பாதுகாப்பு? நம் நாட்டு வழக்கொன்றில் 1911இல், அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் கொடுத்த தீர்ப்பை இன்றைக்கும் நீதிமன்றங்கள் எடுத்துக் காட்டுகின்றன, ஒரு பங்காளி, அதாவது காணியில் பங்குள்ள ஒருவர், அங்கே இருந்தால் அது மற்றப் பங்காளிகளுக்காகவும் இருந்ததாகவே கொள்ளப்படும். பத்து வருடம் இருந்தேன் என்பதை மட்டும் சொல்லி முழு வீட்டையும் தனதாக்க முடியாது. மற்றப் பங்காளிகளைக் காப்பாற்றும் நல்ல விதி அது, ஆனால் குளிப்பாட்டிய கைக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை அம்மா ஒருவரால்தான் எழுதிக் கொடுத்திருக்க முடியும்.

அப்புறம் பிரிவினை வழக்கு. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தப் பங்காளியும் போடலாம். நில அளவையாளர் வருவார், எல்லோருடைய பங்கும் நிரூபிக்கப்பட வேண்டும், இடையில் ஒருவர் இறந்தால் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். அப்பா போட்ட வழக்குக்கு மகன் போய் நிற்கும் வீடுகளை இந்த ஊரில் உங்களுக்கே தெரியும். பிரிக்க முடியாத வளவென்றால் விற்கச் சொல்வார்கள், முதலில் பங்காளிகளுக்குள், முடியாவிட்டால் பகிரங்க ஏலத்தில்.

கந்தளாய்ப் பக்கம் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள், கொஞ்சம் கவனியுங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளியின் பெயரை அப்பா பதியாமல் போனால், அம்மாவுக்குப் பிறகு காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியாது. மூத்தவருக்கே போகும். 2022இல் திருத்தம் வரும்வரை மகன் இருக்க மகளுக்கு இல்லை. சேற்றில் இறங்கி வயல் செய்தது இளையவள் என்றாலும் அவள் வெறுங்கையோடு வெளியேற வேண்டியதுதான். இதில் மூத்த அண்ணன் பேராசைப்பட்டாரா? ஒன்றும் செய்யாமலே அவர் தங்கச்சிக்கு எதிரியாகிவிட்டார், அப்பா ஒரு பெயரை எழுதாததால்.

எதிரணியில் தம்பி ஒருவர் கேட்டார், உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தால் பெற்றோரை நடுத்தெருவில் விடமாட்டார்களா என்று. அந்தப் பயம் நியாயமானது, அம்மாவுக்கும் அது இருந்திருக்கும். நன்கொடை உறுதி எழுதி முடித்தால் இலகுவில் திருப்ப முடியாது. நன்றி கெட்ட பிள்ளையிடமிருந்து மீட்க 2017இல் தனிச் சட்டமே வந்தது, அதற்கும் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டும். ஆனால் சாகும்வரை தான் இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதலாமே. அதுவும் பயம் என்றால் மரண சாசனம் இருக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள், அவ்வளவுதான். கண்மூடும்வரை ஒருவருக்கும் ஒன்றும் கைமாறாது, நாளைக்கு மனம் மாறினால் வேறு எழுதலாம். தங்கச்சிக்கு வீடும், அண்ணாவுக்கு மாடிக் காசுக்கு ஈடாகப் பின்வளவில் பாதியும் என்று அம்மா எழுதியிருந்தால் சட்டம் தடுத்திருக்காது. நாங்களும் தடுத்திருக்க மாட்டோம், அம்மாவின் முகத்தைப் பார்த்து யார் மறுப்பது?

எழுதுவதை விடவும் பேசுவது முக்கியம் என்றே சொல்வேன். ஒருவருக்கு மட்டும் தெரிந்து அலுமாரிக்குள் கிடந்த சாசனம் வெளியே வரும்போது, அது கள்ளக் கையெழுத்து என்று இன்னொரு வழக்கு கிளம்பும். நம்முடைய ஊர் எத்தனை தரம் இடம்பெயர்ந்த ஊர். உறுதியை ஓட்டத்தில் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், 2004இல் கடல் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்தான், ஆனால் எந்த வேலி யாரோடு பேசிப் போட்டது, எந்தக் கடனுக்கு எந்தத் துண்டு ஈடாக நின்றது என்பதை எந்தப் பதிவகத்தில் போய்க் கேட்பது?

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் தாருங்கள் ஐயா.

போன தை மாதம் என் மூன்று பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். யாருக்கு எது, ஏன் அப்படி என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்ததை மூவருக்கும் கேட்கும்படி வாசித்தேன். நடு மகனுக்கு முகம் சுருங்கியது. "எனக்கு ஏனம்மா குறைவு" என்று கேட்டான். அவனுடைய படிப்புக்கு விற்ற சாம்பல்தீவுக் காணியைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு அது அன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், பிறகு அந்தக் காணி எவ்வளவுக்குப் போனது என்று கேட்டான், சொன்னேன். அடுத்த கிழமை நொத்தாரிசிடம் போனேன், துணைக்கு வந்தது என் தங்கச்சி. தீர்ப்பு உங்கள் கையில் ஐயா. நன்றி, வணக்கம்.