கட்டட சைட்டில் கொரோனா எங்கே தொற்றும்? சாரத்தில் இல்லை!

[காட்சி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பாதி எழும்பிய மூன்று மாடிக் கட்டடம். சாரத்தில் நான்கு பேர் பூச்சு வேலை செய்கிறார்கள்.]

வணக்கம் நண்பர்களே! இந்த சைட்டில் தொற்று எளிதாகப் பரவும் இடம் எது? மேலே சாரமா, கலவை மெஷின் பக்கமா, இல்லை அந்த மூலையில் இருக்கிற கண்டெய்னர் ஆபீஸா? பதிலை இப்போதே கமெண்டில் போடுங்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 26 நள்ளிரவில் தென்னாப்பிரிக்கா முழு ஊரடங்குக்குள் போனது. ஜூன் 1 அன்று ஊரடங்கு தளர்ந்து மூன்றாம் நிலைக்கு வந்ததும் கட்டட வேலை பரவலாகத் தொடங்கியது. அப்போதைய விதிகள் இவை: ஆளுக்கு இரண்டு துணி முகக்கவசம் முதலாளி இலவசமாகத் தர வேண்டும், ஒன்றரை மீட்டர் இடைவெளி, 70 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சானிடைசர், அறிகுறிப் பரிசோதனை. விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் ஆபீஸுக்கும் சைட்டுக்கும் ஒரே விதியாக இருந்தது. சிக்கல் அங்கேதான்.

[காட்சி: கண்டெய்னர் ஆபீஸின் உட்புறம். ஜன்னல் மூடியிருக்கிறது, வரைபடத்தைச் சுற்றி ஐந்து பேர்.]

பதில் இதுதான், கண்டெய்னர். கோயில் வெளிமுற்றத்தில் சாம்பிராணி போட்டால் புகை நிமிடத்தில் கலைந்துவிடும். அதையே கதவடைத்த பூஜை அறையில் போட்டுப் பாருங்கள், கண் எரியும். நாம் பேசும்போது வெளிவரும் நுண்துளிகளும் அப்படியே. சாரத்தில் கடல்காற்று அடிக்கிறது. கண்டெய்னரில் ஐந்து பேர் விட்ட மூச்சு அங்கேயே சுற்றுகிறது. காலையில் பக்கியில், அதாவது பின்பக்கம் கூரை மூடிய சின்ன சரக்கு வண்டியில், நெருக்கியடித்து வருவதும், மழை பெய்தால் எல்லாரும் சாமான் அறைக்குள் ஒதுங்கி பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றிய டர்பன் சாப்பாடு) சாப்பிடுவதும் இதே கதைதான். சாப்பிடும்போது முகக்கவசம் எங்கே இருக்கும்? தாடைக்குக் கீழே!

அதனால் என் கருத்து இது: வாசலில் வெப்பமானியோடு ஒருவரை நிறுத்துவதைவிட, கண்டெய்னரின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பதும், சாப்பாட்டு நேரத்தை இரண்டு குழுவாகப் பிரித்து வெளியே நிழலில் உட்கார வைப்பதும் அதிகப் பலன் தரும். வெயிலில் நடந்து வந்தவர் நெற்றி சும்மாவே சூடாக இருக்கும். பாரசிட்டமால் போட்டு வந்தவர் நெற்றி குளிர்ந்திருக்கும்.

[காட்சி: ஒரு கொத்தனாரின் உள்ளங்கை, மிக அருகில். விரல் மடிப்புகளில் வெடிப்பு, நகக்கண்ணில் காய்ந்த கலவை.]

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இந்தக் கையைப் பாருங்கள். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். அது தோலின் எண்ணெய்ப் பசையை அரித்துவிடும். சிமெண்டில் இருக்கும் குரோமியம் சிலருக்குத் தீராத அரிப்பையும் கொண்டுவரும். இந்த வெடிப்பில் சானிடைசர் ஊற்றினால் அந்த அண்ணனுக்கு உயிர் போகும். எரிச்சலைத் தாங்கினாலும் பயன் குறைவு, ஏனென்றால் அழுக்கு அப்பிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சிமெண்ட் படலத்தைத் தாண்டி அது தோலுக்குப் போக வேண்டுமே! ஆபீஸ் மேஜையில் ஒரு பாட்டில் வைத்தால் போதும். சைட்டில் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். குழாய் வசதி இல்லையா? பெரிய பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஒரு குழாய் பொருத்தி, செங்கல் அடுக்கின் மேல் வையுங்கள். கீழே அழுக்குத் தண்ணீருக்கு இன்னொரு வாளி. சாப்பிடும் இடத்துக்குப் போகிற வழியிலேயே வையுங்கள், தேடிப் போய் யாரும் கழுவ மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. வெல்டிங் செய்கிறவர் சானிடைசர் தடவினால் கை முழுசாகக் காய்ந்த பிறகுதான் டார்ச்சைத் தொட வேண்டும். ஆல்கஹால் தீப்பிடித்தால், பட்டப்பகல் வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. தயவுசெய்து இதை உங்கள் சைட் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.

முகக்கவசம் பற்றி ஒரே வரி: டைல் வெட்டும்போது போடுகிற, முன்னால் வால்வு உள்ள தூசிக்கவசம் உங்களைக் காக்கும், ஆனால் நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே விட்டுவிடும்.

2022 ஏப்ரலில் கொரோனாவுக்காக அரசு அறிவித்த பேரிடர் நிலை முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். காசநோயும் காற்றில்தான் பரவுகிறது, நண்பர்களே. இந்த நாட்டில் அது இன்னும் உயிர் குடிக்கிறது. அந்தக் கண்டெய்னர் ஜன்னல் அதற்கும் திறக்க வேண்டிய ஜன்னல்தான்.

சைட்டில் வேலை செய்யும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் சைட்டில் கை கழுவும் இடம் எங்கே இருக்கிறது? போட்டோ எடுத்து அனுப்புங்கள். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், எங்கிருந்தாலும் சரி. வாளியில் குழாய் பொருத்துவதை அடுத்த வீடியோவில் செய்தே காட்டுகிறேன்.