கடைசித் தெறியைப் பிள்ளை பூட்டட்டும்

(காட்சி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தை. வெள்ளைச் சட்டையோடு ஒரு சிறுவன், பக்கத்தில் அம்மா.)

வணக்கம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் காலையில் எத்தனை வேலை! கிணற்றடியில் முகம் கழுவ வேண்டும், சட்டைக்குத் தெறி பூட்ட வேண்டும், புட்டைக் குழைத்துச் சாப்பிட வேண்டும், சப்பாத்துக் கட்ட வேண்டும். மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கடினமாவது), ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இதில் பலது பெரிய மலை. அந்த வேலைகளைப் பிள்ளை தானே செய்ய வழி தேடுவதுதான் தொழில்வழிச் சிகிச்சை.

(காட்சி: சட்டைத் தெறி, மிக அருகில்.)

ஐந்து தெறி உள்ள சட்டை என்று வையுங்கள். நாலை அம்மா பூட்டிவிடுவார். ஐந்தாவதையும் துளைக்குள் பாதி தள்ளிவிடுவார். மற்றப் பக்கத்தால் இழுத்தெடுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது கைவந்ததும் ஐந்தாவது தெறி முழுக்கப் பிள்ளைக்கு. அப்புறம் கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வருவார்கள். முதல் தெறியிலிருந்து தொடங்கினால் பிள்ளை பாதியில் களைத்துவிடும், மிச்சத்தைப் பெரியவர்கள் முடிப்பார்கள். கடைசியிலிருந்து பழக்கினால் "நான் பூட்டி முடிச்சிட்டன்" என்று ஒவ்வொரு நாளும் பிள்ளை சொல்லலாம்.

கச்சான் உடைப்பதும் ரொட்டிக்கு மா பிசைவதும் விரலுக்கு நல்ல வேலைதான். ஆனாலும் தெறி பூட்ட வேண்டுமென்றால் தெறியைத்தான் பூட்டிப் பழக வேண்டும்.

"பாவம், பிள்ளைக்கு ஏலாது" என்று அம்மம்மா ஊட்டிவிடுவார். அது அன்புதான், ஆனால் பிள்ளையின் கை பழகாமலே போய்விடுகிறது. பள்ளிக்கூட அவசரத்தில் பழக்க முடியாதுதான், சரி. சனி, ஞாயிறு ஆறுதலாகப் பழக்குங்கள்.

பிள்ளையை மட்டுமல்ல, சுற்றியிருக்கிற பொருட்களையும் சிகிச்சையாளர் பார்ப்பார். கதிரையில் கால் தொங்கினால் உடம்பு ஆடும், எழுத்தும் ஆடும். பாதம் முழுதாகப் பதிய ஒரு பலகை வைத்தால் கை நிதானப்படும். கோப்பை வழுக்கினால் அடியில் ஈரத்துணி. மலசலகூடத்தில் குந்தி எழும்ப ஏலாத பிள்ளைக்குச் சுவரில் ஒரு பிடிகம்பி. மலசலகூடம் போகப் பயந்து பிள்ளை பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிக்காமல் இருந்தால் காரணம் அந்தக் கம்பி இல்லாததாகவும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் சத்தமும் சனமும் ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தாங்க முடியாமல் இருக்கும். அதற்காக வீட்டில் விட்டுப் போகத் தேவையில்லை. சனம் குறைந்த நேரத்தில் கூட்டிப் போகலாம், காதை மூட ஏதாவது கொடுக்கலாம், "போதும்" என்று காட்ட ஒரு சைகை பேசி வைக்கலாம்.

(காட்சி: மாங்குளம் சந்தி, பஸ் தரிப்பிடம்.)

வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேவை வேறு. தனியாக வவுனியா பஸ் ஏறுவது, மிச்சக் காசு எண்ணுவது, மாதவிடாய் நாட்களில் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது எல்லாம் இதற்குள் அடங்கும். ஒரு கையை இழந்த இளைஞர், பலகையில் இரண்டு ஆணி அடித்து வெங்காயத்தை அதில் குத்தி வைத்து வெட்டலாம். எதைப் பழக வேண்டும் என்பதை அந்த இளைஞரிடமே கேட்டுத் தொடங்க வேண்டும்.

உங்கள் பிள்ளையைப் பற்றி யோசனை இருந்தால் வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது கிளினிக்கில் கேளுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டு போங்கள். ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ பெரிய வைத்தியசாலைக்கு அடிக்கடி போவது லேசில்லை. அதனால் பிள்ளை வீட்டில் சாப்பிடுவதையும் எழுதுவதையும் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். புது இடத்தில் பிள்ளை செய்யாததும் அதில் தெரியும். அடுத்த தவணை வரைக்கும் வீட்டில் எந்த ஒரு வேலையைப் பழக்கலாம் என்று கேட்டு, எழுதிக்கொண்டு வாருங்கள்.