மயிலைக்கு ஒரு துணையா?

நேயர்களுக்கு வணக்கமுங்க.

கால்நடைத் துறையில் ஆய்வாளராக 34 வருசம் வேலை பார்த்து, போன வருசம் ஓய்வு பெற்றவன் நான். பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் தோட்டத்துச் சாளையில் நானும் என் வீட்டுக்காரம்மாவும் குடியிருக்கிறோம். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது மாட்டைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். "உங்களுக்கு எது மனசுக்குப் பக்கமா இருக்குதோ அதைப் பேசுங்க" என்றார்கள். அதனால் பூனையைப் பற்றிப் பேசுகிறேன். சரியாகச் சொன்னால், வீட்டில் ஒரு பூனை இருக்கும்போது இன்னொன்றைக் கொண்டுவர ஒருவருக்கு ஆசை, மற்றவருக்கு மனசில்லை என்றால் என்ன செய்வது என்பதைப் பற்றி.

இதெல்லாம் ஒரு விசயமா என்று சிலர் நினைக்கலாம். நல்லபடி வைத்துக்கொண்டால் பூனை 12 வருசம், 15 வருசம் இருக்கும். அத்தனை வருசமும் ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் வாய் திறக்காமல் மனசு கசந்து கிடந்தால், அது சின்ன விசயம் இல்லீங்க.

இந்த ஆடி மாசம் காங்கேயம் போயிருந்தேன். என் சேக்காளி ஒருவர் அங்கே தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். உடைத்த தேங்காய்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், பருப்புச் சாக்கு ஒரு பக்கம் அடுக்கியிருக்கும். எலிக்காக விட்டிருந்த தாய்ப் பூனை அந்தச் சாக்குச் சந்தில் மூன்று குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்று செவலை. நான் குந்தியதும் தத்தித் தத்தி வந்து, என் வேட்டி நுனியை இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டது. தூக்கினேன். அதன் நெஞ்சு அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. "எடுத்துட்டுப் போங்க, பருத்திக் கூடை இருக்குது" என்றார் சேக்காளி.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "வேண்டாமுங்க" என்றாள். அந்த ஒரு சொல்தான். குட்டியை இறக்கி விட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. சாம்பல் நிறப் பெட்டை, ஆறு வயசு. காங்கேயம் மாட்டுக்குச் சொல்கிற மாதிரியே நிறத்தைப் பார்த்து மயிலை, காரி, செவலை என்று பூனைக்கும் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். இது மயிலை. ஊருக்குத் திரும்பியதிலிருந்து பத்து நாள், அந்த மயிலையைக் காட்டியே வீட்டுக்காரம்மாவிடம் வாதாடினேன். "தனியாக் கெடக்குது பாரு அம்மிணி. அதுக்கும் ஒரு துணை வேணுமில்ல?"

சொல்லும்போதே எனக்கு உறுத்தியது, ஏனென்றால் பூனை துணைக்கு ஏங்குகிற பிறவி இல்லை என்று எனக்குத் தெரியும். மாட்டைக் கட்டுத்தரையில் தனியாகக் கட்டினால் கத்தும், தீனி எடுக்காது. மாடு மந்தையில் வாழ்கிற பிறவி. பூனையின் மூதாதை மந்தைப் பிறவி இல்லை, தனியாக வேட்டையாடும் காட்டுப்பூனை. மனுசன் தானியம் சேர்த்து வைக்க ஆரம்பித்த காலத்தில், அந்தத் தானியத்துக்கு வந்த எலியைத் தேடி நம் வாசலுக்கு வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருசத்துக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனுசனுக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருந்ததைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு. ஆனாலும் ஆறு வயசுப் பெட்டைப் பூனை, தனக்கென்று இடம் வகுத்துக்கொண்ட பிறகு, இன்னொரு பூனைக்காக ஏங்கிக் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. சின்னதிலிருந்து கூடவே வளர்ந்த இரண்டு பூனைகள் ஒட்டிக்கொண்டு படுக்கும், அது வேறு கதை.

ஆக, துணை வேண்டும் என்பது மயிலையின் தேவை இல்லை. எனக்கு ஒரு குட்டியை வளர்க்க ஆசை. அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். பூனைக்கு வேண்டும், எலிக்கு வேண்டும், பேரப்பிள்ளைக்கு வேண்டும் என்று காரணம் அடுக்கினால், எதிரில் இருப்பவர் ஒவ்வொரு காரணத்தையும் தட்டிவிடத்தான் பார்ப்பார். "எனக்கு ஆசையா இருக்குது" என்று சொன்னால் அதைத் தட்டிவிட முடியாது. அதற்குப் பிறகுதான் பேச்சு நேராக நடக்கும். பதினோராம் நாள் ராத்திரி அதைத்தான் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்:

"காரி சாகையில நீங்க எங்க இருந்தீங்க?"

காரியைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன்னால் சந்தைப் பக்கம் அனாதையாகத் திரிந்த கருப்புக் குட்டியைக் கொண்டுவந்தேன். அதற்கு மூன்று மாச வயசு இருக்கும். வந்து இருபது நாளில் வாந்தி எடுத்தது. நான் அப்போது கோமாரித் தடுப்பூசி முகாமில் இருந்தேன். விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவேன். அவள்தான் மூன்று நாளும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணிக் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கப் போட்டபடியே காரி இருந்ததாம். தாகம் இருக்கிறது, மூக்கு தண்ணியில் படுகிறது, நக்க முடியவில்லை. "கிண்ணத்த நகத்துனா, அதுவும் நகுந்து வந்து அதும் மேலயே தலைய வெச்சுக்குமுங்க" என்றாள். இரண்டு வருசமாக இதை என்னிடம் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அது பான்லுக்கோபீனியா என்கிற நோய். பூனைகளுக்கு வருகிற பார்வோ என்றால் நாய் வளர்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ரத்தத்தில் வெள்ளை அணுக்களை அழித்துவிடும். குட்டிகளைத்தான் கூட்டமாகக் கொண்டுபோகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை போட வேண்டும். ஊர் மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருந்த நான், என் வீட்டுக் குட்டிக்குப் போடவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் தன் குட்டிக்கு ஊசி போட்டுவிட்டால் போதும் என்றுதான் இந்த விசயத்தை வானொலியில் சொல்கிறேன்.

கூடவே ஒன்று. அந்தக் கிருமி வீட்டுத் தரையிலும் துணியிலும் ஒரு வருசம் வரை கிடக்கும். அப்படி ஒரு சாவு நடந்த வீட்டுக்கு உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவரக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும், ஊசி முடிந்த பூனையைத்தான் கொண்டுவர வேண்டும். பினாயில் ஊற்றாதீர்கள், அது பூனைக்கே ஆகாது.

அன்றைக்கு ராத்திரி அவள் இன்னும் பேசினாள். மயிலைக்கு மீன் வேகவைப்பது யார்? அவள்தான். எங்கள் வீட்டில் புரட்டாசி மாசம் கவுச்சி புழங்காது. அந்த மாசமும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தனி அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் மத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு வந்துதான் சாமி விளக்கு ஏற்றியிருக்கிறாள். தயிர்ச்சோறு போட்டால் ஆகாதா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஆகாதுங்க. டாரின் என்கிற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவுக்குத் தானே செய்துகொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். கிடைக்காமல் போனால் கண்ணும் இருதயமும் கெடும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். செய்தது அவள். மணல் தட்டுக்கு நார்க்கழிவு கொண்டுவந்து கொட்டுவது, அள்ளுவது, மயிலை அட்டாலியிலிருந்து தள்ளிவிட்ட பாத்திரத்தைத் திரும்ப அடுக்குவது, எல்லாம் அவள்தான். பூனையைக் கொஞ்சுவது என் பங்கு.

இப்படிப்பட்ட வீட்டில் "இன்னொரு பூனை" என்றால் ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்கு இரட்டை வேலை. அவள் வேண்டாம் என்றது பூனையை இல்லை. மறுபடி தனியாக உட்கார்ந்து ஒரு உசுரு போவதைப் பார்ப்பதையும், ஏற்கெனவே சுமக்கிற வேலை இரண்டு மடங்காவதையும்தான்.

மூன்றாவதாக ஒன்று சொன்னாள். கார்த்திகையில் கட்டுச்சோத்து விருந்து முடிந்து மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள். "புள்ளத்தாச்சி வர்ற நேரத்துல புதுக் குட்டி எதுக்குங்க?" இதை மூத்தவர்கள் சொல்கிற பழைய பயம் என்று முதலில் ஒதுக்கப் பார்த்தேன். உட்கார்ந்து யோசித்தால், துறையில் நாங்கள் படித்ததும் அதுதான். டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளியேறும். கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு. பல காலமாக வீட்டோடு இருக்கிற வளர்ந்த பூனையால் பயம் குறைவு. வேட்டையாடப் பழகும் வயசுக் குட்டிகள்தான் முதல் தொற்றில் அதை ஏராளமாக வெளியேற்றும். ஆகவே கர்ப்பிணி இருக்கிற வீட்டில் மயிலையைத் துரத்த வேண்டியதில்லை, புதுக்குட்டியைத்தான் தள்ளிப்போட வேண்டும். மலத்தில் வெளியேறியது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், சில சமயம் ஐந்து நாள் வரை ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் அள்ளிவிட வேண்டும், அதுவும் கர்ப்பிணி அல்லாத வேறு யாராவது. காய்கறியைக் கழுவாமல் தின்பதாலும், அரைவேக்காட்டுக் கறியாலும்கூட அது வரும். பூனை மேலேயே முழுப் பழியையும் போடக் கூடாது.

ஓய்வு பெற்ற பிறகு இதே விசயமாக என்னிடம் யோசனை கேட்டு வந்தவர்கள் உண்டு. திருப்பூர்ப் பக்கம் ஒரு இளம் தம்பதி. புருசன் நைட் ஷிப்டில் இருந்தபோது அந்தப் பெண் குட்டியைக் கொண்டுவந்துவிட்டாள், பார்த்தால் மனசு மாறிவிடுவார் என்று. அவருக்கோ இளைப்பு. பூனை முடியால் இளைப்பு வருகிறது என்பார்கள், முடி மட்டும் இல்லீங்க. பூனையின் எச்சிலில் இருக்கிற ஒரு புரதம், அது உடம்பை நக்கிக்கொள்ளும்போது ஒட்டிக் காய்ந்து, தூசியாகக் காற்றில் பறக்கும். இருபது நாளில் குட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். குட்டி இரண்டு வீடு மாறியதுதான் மிச்சம். அந்தப் பெண் அழுதது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. இளைப்பு இருக்கிறவர் வேண்டாம் என்றால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. மற்றபடியும் திடீரென்று கொண்டுவந்து மடியில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, "உங்க இஷ்டம்" என்ற சொல். நம் பக்கத்து வீடுகளில் இதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அது சம்மதம் இல்லை. பேசிப் பேசி ஓய்ந்துபோனவர் கடைசியாகச் சொல்வது அது. அதை நம்பிக் குட்டியைக் கொண்டுவந்தால், நடுராத்திரி அது கத்தும் ஒவ்வொரு முறையும் "உங்க பூனை கத்துது" என்றுதான் வரும்.

வீட்டில் இருக்கிற பூனையிடமும் ஒரு சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொண்ட பிறகு, புதியதைத் தனி அறையில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். அது படுத்த துணியைப் பழையது படுக்கிற இடத்தில் போடுங்கள், பழையதன் துணியை அதற்குப் போடுங்கள். வாசனையில்தான் அவை ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் தட்டு வைத்துச் சாப்பிட விடுங்கள். சீறினால் அவசரப்படாதீர்கள், இன்னும் நாலு நாள் போகட்டும். மணல் தட்டு பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, ஆக இரண்டு பூனைக்கு மூன்று. பழைய பூனை ஏறி உட்கார உயரத்தில் அதற்கென்று ஓரிடம் இருக்க வேண்டும். ஐந்து மாசம் ஆவதற்குள் கருத்தடை செய்துவிடுங்கள். சில பெட்டைகள் நாலைந்து மாசத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் ஒன்பதே வாரம். அப்புறம் பிறக்கிற குட்டிகளைச் சாக்கில் போட்டுச் சந்தை முக்கில் விட்டுவிட்டு வருகிற பாவத்தை நம் ஊர்களில் நிறையப் பார்த்துவிட்டேன். காரியும் அப்படி யாரோ விட்டுப்போன குட்டிதான்.

ஆவணியிலிருந்து மயிலையின் மணல் தட்டை அள்ளுவது நான். இந்தப் புரட்டாசி முழுக்கப் பொடக்காளியில் மீன் வேகவைத்ததும் நான்தான். குட்டி வரவேண்டும் என்பதற்காகச் செய்கிற பேரம் இல்லை அது, அவளிடமும் அப்படிச் சொல்லிவிட்டேன். முதல் வாரம் முள்ளைச் சரியாக எடுக்கத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் குந்தி, நடுமுள்ளை வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒரே இழுப்பில் உருவுவதைக் காட்டிக் கொடுத்தாள்.

களத்துச் செவலையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வீடு என்று கேள்வி. போன வாரம் சேக்காளி பேசினார், தாய்ப் பூனை மறுபடியும் சினையாம். அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்ய இந்த ஈத்து முடிந்ததும் ஏற்பாடு பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போனை வைத்ததும் வீட்டுக்காரம்மா, யார் என்று கேட்டாள். சொன்னேன். குட்டி வேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "மகளுக்குப் பிரசவம் ஆகி, கொழந்தைக்கு மூணு மாசம் முடியட்டுமுங்க. அப்பறம் களத்துல குட்டி மிச்சமிருந்தா, ஊசியெல்லாம் போட்டு முடிச்சு, நீங்க வெளியூரு போகாத மாசமாப் பாத்துப் பேசிக்கலாம். பேசிக்கலாம்னுதான் சொல்றேன், செரின்னு சொல்லலீங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான். நானும் அதை அவ்வளவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வணக்கமுங்க.