நாடியில் ஒரு தழும்பு

வணக்கம். முகம், தாடைச் சத்திரசிகிச்சை பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் நாடியில் இருந்துதான், அதாவது முகவாய்க்கட்டையில் இருந்துதான், தொடங்குவேன்.

எங்கள் வன்னிப் பிள்ளைகள் எங்கே விழுவார்கள்? குளக்கட்டில் சைக்கிளால், பாலை மரத்தால், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியால். நாடி வெடிக்கும், இரத்தம் கொட்டும், ஓடிப்போய்த் தையல் போடுவோம். தையல் வெட்டியதும் மறந்துவிடுவோம். ஆனால் நாடியில் பட்ட அடி காதடிக்குப் போகும். இப்போதே காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அசைகிறதல்லவா? அந்த மூட்டுத்தான்.

ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மம்மா ஒருவர் பேரனைப் பல்வலி என்று கூட்டிவந்தார். பத்து வயது. வாயைத் திற என்றால், பல்லிடுக்கில் கரண்டிக் காம்பு போகவும் இடமில்லை. “அவன் அப்பிடித்தான் டொக்டர், சோத்தைக் குழைச்சு விரலால தள்ளித்தான் தின்னுவான்.” நாடியைத் தூக்கிப் பார்த்தேன், பழைய தழும்பு. நாலு வயதில் விழுந்திருக்கிறான். மூட்டு வெடித்து, எலும்போடு எலும்பு ஒட்டிப்போய்விட்டது. கீழ்த்தாடையின் வளர்ச்சிக்கும் அந்த இடம் முக்கியம். அதனால் நாடி உள்ளே போய்விட்டது. “தேப்பன்ர சாயல் எண்டு இருந்திட்டம்” என்றார் அம்மம்மா.

வாய் திறக்காதே, மயக்கம் கொடுப்பது எப்படி? கமரா வைத்த குழாயை மூக்கால் விட்டுத்தான். ஒட்டிய எலும்பை வெட்டி, இடையில் நெற்றிப்பொட்டுத் தசையை வைத்தோம். அது ஒரு நாள் வேலை. பிறகுதான் பெரிய வேலை: ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். விட்டால் திரும்ப ஒட்டும். பிள்ளை அழுவான், அம்மம்மா விடமாட்டார். கிளினிக் வாசலிலேயே கத்துவார்: “இண்டைக்குப் பதின்மூண்டு!”

ஆகவே பிள்ளை நாடியடிபட விழுந்தால், அவனுடைய மூன்று விரலும் நிமிர்ந்து வாய்க்குள் போகிறதா பாருங்கள். உங்கள் விரல் அல்ல, பிள்ளையின் விரல். சில கிழமை கழித்தும் பாருங்கள். போகாவிட்டால் உடனே கொண்டு வாருங்கள்.

வளர்ந்தவர்களின் தாடை வளைவு, முன்தள்ளல் வேறு கதை. வளர்ச்சி நின்றபின், பெரும்பாலும் 16, 18 வயதுக்குப் பிறகு. முதலில் பல்லை ஒழுங்காக்கக் கம்பிக் கிளிப், பிறகு வாய்க்குள்ளால் வெட்டி டைட்டேனியம் தகடு. வெளியே தழும்பு பெரிதாகத் தெரியாது. சில கிழமை கஞ்சிதான்.

மூன்று விரல் என்கிற எனக்குக் கலையகக் கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் மிச்சமாம். பிறவியில் வரும் உதட்டு, அண்ணப் பிளவுக்கு ஒரு பக்கம் எழுதி வந்தேன், சரி, சுருக்கிச் சொல்கிறேன். உதட்டை 3 முதல் 6 மாதத்தில் தைக்கலாம், அண்ணத்தை ஒரு வயதளவில். கிரகணத்தில் மரக்கறி வெட்டினாய் என்று அந்தத் தாயை ஏசாதீர்கள். வணக்கம்.